நூலை அறுக்காமல் போன வழி

அம்மாக்கண்ணுவை மெசின் ரூமில் சேர்க்கக் கூடாது என்று சொன்னவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு வேறு யாராவது சொல்லி நீங்கள் கேள்விப்பட்டால், நாகலெட்சுமி தனக்கு வசதியாகக் கதையை மாற்றிவிட்டாள் என்று நினைப்பீர்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். கணக்கப்பிள்ளையே என்னை எதிரே கண்டால் குறுக்குப் பாதையில் இறங்கிவிடுவார்.

எங்கள் தோட்டம் பூண்டுலோயாவுக்கு மேலே, பஸ் திரும்புகிற இடத்திலிருந்து இன்னும் இரண்டு மைல். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுப் போவார்களே, அந்தப் பழைய பிள்ளைக்காம்பராதான் எங்கள் மெசின் ரூம். பிள்ளைகளுக்குப் புதுக் கட்டடம் வந்த பிறகு இது சும்மா கிடந்தது. தோட்டத்து மேனேஜர் துரையிடம் நடையாய் நடந்து இதை வாங்கியவள் நான். ஐந்து மெசின், ஒன்பது பெண்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொல்ல மாட்டேன். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

நாங்கள் தைப்பது குயில்ட். இந்தக் குளிருக்குப் போர்த்துகிற தடித்த ஒட்டுப் போர்வை. கினிகத்தேனையில் ரிஸ்வி நானாவின் கடையில் கார்மென்ட் வெட்டுத் துண்டுகள் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். அவற்றைக் கட்டம் கட்டமாக வெட்டி இணைத்து மேல்துணி செய்வோம். அடியில் ஒரு வெறும் துணி, நடுவில் பஞ்சு. மூன்றும் விலகாமல் இருக்க, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் இலை, பூ, வளையம் என்று மெசினால் கோலம் போட்டுக்கொண்டே போக வேண்டும். மெசினுக்கு அடியில் துணியைத் தள்ளிக்கொடுக்கிற பல் இருக்கிறதே, அதை இறக்கிவிட்டால் துணி கை போன பக்கம் போகும். மேல்துணி இணைப்பது யாருக்கும் வரும். ஆள் தேறுவதும் தேறாததும் இந்தக் கோலத்தில்தான்.

அம்மாக்கண்ணு இருபத்தேழு வருஷம் கொழுந்து பறித்தவள். ஒரு மழை நாளில் நிறைந்த கூடையோடு கல்படியில் சறுக்கி வலது முழங்கால் போய்விட்டது. இனி மலையேறவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். புருஷன் மூக்கன் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவன், இருந்தாலும் ஒருத்தன் உழைப்பில் ஓடுகிற குடும்பம் இல்லை அது. இளைய மகள் ஏ.எல். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். தாய்க்கு வேலை இல்லையென்றால் அந்தப் பிள்ளை புத்தகத்தை மூடிவிட்டுக் கொழும்பில் யார் வீட்டிலாவது வேலைக்கு நிற்க வேண்டியதுதான். எங்கள் தோட்டத்தில் உட்கார்ந்து செய்கிற வேலை என்று இருந்தது என் மெசின் ரூம் மட்டும்தான்.

"மெசின் புடிக்கத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியாதுக்கா."

"அப்புறம் எதுக்கு வந்தே?"

"தெரிஞ்சிக்கத்தான்" என்றாள்.

அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் மற்ற எட்டுப் பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சரி போகட்டும் என்று ஒரு சின்னக் கத்தரியைச் சிவப்பு நாடாவில் கட்டி அவள் கழுத்தில் போட்டேன். மூலையில் ஒரு ஸ்டூல். தைத்து முடித்த போர்வைகளில் நூல் நுனிகளை வெட்டுகிற வேலை. ரெஜிஸ்டரில் பெயருக்கு நேரே 'நூல் வெட்டுபவர்' என்று எழுதினேன். அது பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் செய்கிற வேலை என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

எட்டு மாதம் அந்த மூலையில் உட்கார்ந்து வெட்டினாள். மத்தியானம் நாங்கள் சாப்பிடும் நேரத்தில் லோஜினியின் மெசினில் போய் உட்கார்ந்து கழிவுத் துண்டுகளில் தைத்துப் பார்ப்பாள். லோஜினிக்கு இருபத்து நான்கு வயது. எங்களில் சின்னவள், யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாதவள். "ஊசி ஒடைஞ்சா ரெண்டு பேரு தலையிலயும் கட்டுவேன்" என்று சொல்லிவிட்டு நான் மறுபக்கம் திரும்பிக்கொள்வேன். ஊசி ஒன்றுகூட உடையவில்லை. வலது காலை நீட்டி வைத்துக்கொண்டு, இடது காலால் மெசினை மிதிப்பாள். கொழுந்து பறித்த கை அல்லவா, இரண்டு கையும் தனித்தனியாக யோசிக்கும். அவள் தைத்த இலைகள் நன்றாக இருந்ததை நான் பார்த்தேன். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அப்போதுதான் பட்டிப்பொலவிலிருந்து அந்த ஓர்டர் வந்தது. அங்கே ஸ்டேஷனுக்கு மேலே ஒரு பழைய பங்களாவை வெளிநாட்டுக்காரர்கள் தங்குகிற இடமாக மாற்றியிருந்தார்கள். நடத்துகிறவள் அஃப்னா. நுவரெலியாவில் ஒரு துணிக்கடைக்காரர் வீட்டுப் பிள்ளை, முப்பது வயதுகூட இருக்காது. பன்னிரண்டு அறைக்குப் பன்னிரண்டு போர்வை வேண்டும், முதலில் மாதிரிக்கு ஒன்று தைத்துக் கொடுங்கள் என்றாள். நான் என் கையாலேயே தைத்தேன். ஆறுக்கு ஆறு, முப்பத்தாறு கட்டம். ஒரு கட்டத்துக் கோலம் முடிந்ததும் நூலை அறுப்பேன், அடுத்த கட்டத்தில் புதிதாகத் தொடங்குவேன். ஹட்டனில் மூன்று மாதம் தையல் படித்ததிலிருந்து என் கை பழகியது அப்படித்தான். நுனிகளை அம்மாக்கண்ணு வெட்டினாள். அனுப்பிவைத்தோம்.

ஒரு வாரத்தில் அஃப்னாவே போர்வையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். இரண்டு தடவைதான் கழுவியிருந்தாள். கட்டத்துக்குக் கட்டம் நூல் கிளம்பி நின்றது. சில இலைகள் பாதிவரை பிரிந்து, உள்ளே பஞ்சு உருண்டிருந்தது. அவள் கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசியிருப்பேன். அவளோ தன்மையாகப் பேசினாள். அதுதான் என்னைக் கொன்றது.

"அக்கா, போயா அன்னைக்கு எங்களுக்குப் பெரிய குரூப் ஒண்ணு வருது. அதுக்கு முந்தின நாள் வரைக்கும் பார்க்குறேன். இன்னொண்ணு செஞ்சு கொண்டாங்க. அதுவும் இப்பிடி ஆனா நான் கொழும்புல எடுத்துக்குவேன். குறை நினைக்காதீங்க."

பௌர்ணமிப் போயாவுக்கு இன்னும் பதினாறு நாள் இருந்தது. அதே வாரம் துரையும் கூப்பிட்டு அனுப்பினார். உர மூட்டை வைக்க ஸ்டோரில் இடம் போதவில்லையாம். ஓர்டர் இருந்தால் ரூம் உங்களுக்கு, இல்லாவிட்டால் போயாவுக்குப் பிறகு சாவியைக் கொடுத்துவிடுங்கள் என்றார். எனக்கு அழுகை வந்தது. எனக்கு அழுகை வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். நேரே வந்து அம்மாக்கண்ணுவின் மேல் பாய்ந்தேன்.

"முடிச்சுக்கு ஒட்ட ஒட்ட வெட்டியிருக்கே. அதான் எல்லாம் பிரிஞ்சு போச்சு. ஒரு நூல் வெட்டத் தெரியல ஒனக்கு."

அவள் அந்தப் போர்வையை மடியில் விரித்து வைத்திருந்தாள். தலையைத் தூக்காமலே பேசினாள்.

"வெட்டுனதில தப்பில்லக்கா. அத்தன எடத்துல வெட்ட வேண்டி வந்துச்சே, அதுதான் தப்பு. முப்பத்தாறு கட்டம். தொடங்குறது ஒண்ணு, முடிக்கிறது ஒண்ணு. மேல் நூல், அடி நூல். நூத்தி நாப்பத்தி நாலு நுனி. நான் வெட்டுனவ, எனக்குத் தெரியும். அதுல எது பிரியும் எது பிரியாதுன்னு யாரு சொல்ல முடியும்?"

ரூமில் மெசின்கள் நின்றுவிட்டன.

"அறுக்காம ஒரு கட்டத்துல இருந்து இன்னொரு கட்டத்துக்கு எப்பிடிப் போவே? பறந்தா போவே?" என்றேன்.

லோஜினி மெதுவாக, "மெசின் காலத் தூக்கிட்டு, துணிய இழுத்து அடுத்த கட்டத்துல வச்சுத் தைக்கலாம்தானே அக்கா" என்றாள்.

"நடுவுல நூல் பாலம் மாதிரிக் கெடக்கும். அதையும் அப்புறம் நான்தானே வெட்டணும்" என்றாள் அம்மாக்கண்ணு. பிறகு என்னைப் பார்த்தாள். "பறக்க வேணாங்க்கா. நடந்து போகலாம்."

அவள் சொன்னது இதுதான். மலையில் பறிக்கும்போது ஆளுக்கு ஒரு நிரை, அதாவது செடிகளுக்கு நடுவே ஒரு வரிசை. ஒரு நிரை முடிந்ததும் யாரும் ரோட்டுக்கு இறங்கி வந்து மறுபடி ஏறுவதில்லை. பக்கத்தில் மழைத்தண்ணீர் போக வெட்டின கான் இருக்கும். அந்தக் கானில் இறங்கி நடந்து அடுத்த நிரைக்குள் நுழைந்துவிடுவோம். போர்வையிலும் கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே, துணி இணைத்த இடத்தில், ஒரு பள்ளம் ஓடுகிறது. அதுதான் கான். ஒரு கட்டம் முடிந்ததும் ஊசியை அந்தப் பள்ளத்துக்குள் இறக்கி, தைத்துக்கொண்டே நடந்து அடுத்த கட்டத்துக்குப் போய்விடலாம். தையல் பள்ளத்துக்குள் மறைந்துவிடும்.

"ரெண்டாந்தடவ அதே எடத்தால வர வேண்டியிருந்தா?" என்று கேட்டேன். மடக்கிவிட்டதாகத்தான் நினைத்தேன்.

"கான்ல ரெண்டு பேரு நடந்தா யாருக்கும் தெரியாது. செடி மேல நடந்தாத்தான் தெரியும்" என்றாள்.

ரூமில் எல்லோரும் பறித்தவர்கள், இல்லாவிட்டால் பறித்தவர்களின் மகள்கள். ஒருவருக்கும் மறுபடி விளக்கம் தேவைப்படவில்லை. இருபது வருஷம் இந்தத் தொழிலில் இருந்தும் என் கண்ணுக்கு அது படவில்லையே என்று எனக்கு எரிந்தது. மேசையில் போர்வையை விரித்து, விரலை வைத்து அந்த வழியில் போய்ப் பார்த்தேன். பத்தாவது கட்டத்தில் ஒரு மூலையில் மாட்டிக்கொண்டேன். வெளியே வர வேண்டுமென்றால் தைத்த இலைகளின் மேல் ஏற வேண்டும், இல்லாவிட்டால் அறுக்க வேண்டும். லோஜினி பதினான்குவரை போனாள். அம்மாக்கண்ணு விரலைத் தூக்காமல் முப்பத்தாறையும் முடித்து ஓரத்தில் வந்து நின்றாள்.

ஆக, இரண்டாவது போர்வையை அவள்தான் தைக்க வேண்டும். ஜன்னலோரத்தில் வெளிச்சம் விழுகிற பெரிய மெசின் என்னுடையது. அதைக் காட்டி, "போய் உக்காரு" என்றேன். அவ்வளவுதான் என் வாயிலிருந்து வந்தது. போர்வையின் பாரம் ஊசியை இழுக்காமல் இருக்க இரண்டு பக்கமும் மேசை போட்டுத் தாங்கல் கொடுத்தோம். இடது காலால் மிதித்தாள். மெசின் ஓடியது.

இங்கேதான் நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு முட்டாள்தனம் செய்தோம். அம்மாக்கண்ணு கீழ் ஓரத்திலிருந்து தொடங்கினாள். மலையில் பறிக்கிறவர்கள் ரோட்டோரத்தில் தொடங்கி மேலே ஏறுவார்கள், அதனால் அவளும் அடியிலிருந்து ஏறினாள். ஒருத்திக்காவது, என்னடி இது என்று தோன்ற வேண்டுமே. தோன்றவில்லை. சுற்றி நின்ற ஒன்பது பேருக்கும் அது இயற்கையாகத்தான் இருந்தது. நான் கட்டம் கட்டமாக அறுத்து அறுத்துத் தைத்த காலத்தில், நடுவில் நாலு கட்டம், ஓரத்தில் நாலு கட்டம் என்று மாற்றி மாற்றிப் போட்டதால் இந்த வினை வந்ததில்லை. ஒரே நூலாகக் கீழிருந்து ஏறியதில் துணி கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ளப்பட்டது. நாலாம் நாள், பதினைந்தாவது கட்டம் முடியும்போது, நடுவில் ஒரு சாண் அகலத்துக்குத் துணி உப்பிக்கொண்டு நின்றது. தட்டினாலும் அமரவில்லை, இழுத்தாலும் அமரவில்லை.

அறுத்துத் தைத்திருந்தால் கெட்ட கட்டத்தை மட்டும் பிரித்துவிடலாம். இது ஒரே நூல். கடைசியிலிருந்து முதல்வரைக்கும் வந்த வழியே திரும்பிப் பிரிக்க வேண்டும். அம்மாக்கண்ணு போர்வையை மெசினிலிருந்து எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். "மகளுக்கு நேத்துத்தான் சொன்னேன், நீ படிப்ப விட வேணாம்னு" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியாது. போர்வையிடம் சொன்னது மாதிரி இருந்தது.

ஆறுதல் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை. எனக்கு வந்தது கோபம்தான்.

"ஏண்டி, நீ வீட்டுல ரொட்டியே தட்டுனதில்லையா? ஓரத்துல இருந்தா தட்டுவே? நடுவுல அமுக்கித்தானே ஓரத்துக்குத் தள்ளுவே? ஓரத்துல இருந்து தட்டுனா நடுவுல கொழுக்கட்டையாத்தான் நிக்கும்."

திட்டத்தான் திட்டினேன். அறிவு சொல்லவேண்டும் என்று வாயைத் திறக்கவில்லை. ஆனால் அவள் என்னையே பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"சரியாச் சொன்னீங்கக்கா" என்றாள். "நடுவுல இருந்து தொடங்கணும்."

இரண்டு நாள் பிரித்தாள். வேறு யாரையும் தொட விடவில்லை. பிரித்து முடித்தபோது போயாவுக்கு ஒன்பது நாள். இப்போது புது வழி வேண்டும். நடுவிலிருந்து கிளம்பி, அறுக்காமல், செடி மேல் நடக்காமல், கடைசியில் ஓரத்துக்கு வந்து சேர வேண்டும். அடியிலிருந்து ஏறுகிற வழி அவள் காலுக்குத் தெரிந்த வழி. நடுவிலிருந்து கிளம்புகிற வழியை யாரும் நடந்ததில்லை. மலைக்கு நடுவில் போய்க் கூடையை இறக்கி யார் பறிக்கத் தொடங்குவார்கள்?

விரலால் பார்த்தாள், சரிவரவில்லை. சோக்குக்கட்டியால் மேசையில் கோடு போட்டாள், சரிவரவில்லை. பிறகு எழுந்து போய் மெசின்களை ஓரத்துக்குத் தள்ளச் சொன்னாள். சிமெந்துத் தரை முழுக்க, ஆறுக்கு ஆறு, முப்பத்தாறு கட்டம் வரைந்தாள். சரியாக நடுவில் போய் நின்றாள்.

"நடந்து பாக்குறேன்" என்றாள். "கால் சொல்லும்."

வலது காலை இழுத்து இழுத்து நடந்தாள். ஒரு கட்டத்துக்குள் போய் ஒரு சுற்று, வெளியே கோட்டில் நாலு அடி, அடுத்த கட்டத்துக்குள் ஒரு சுற்று. லோஜினி பக்கத்திலேயே நின்று எண்ணினாள். நடுவில் நாலு கட்டம். அதைச் சுற்றிப் பன்னிரண்டு. அதையும் சுற்றி இருபது. முதல்தடவை பன்னிரண்டாவது கட்டத்தில் மாட்டிக்கொண்டாள். நடுவுக்கு வந்து மறுபடி தொடங்கினாள். இரண்டாவது தடவை ஒரு மூலை விடுபட்டுப் போனது. "கால் வலிக்குது, உக்காருங்கக்கா" என்றாள் லோஜினி. அவள் கேட்கவில்லை. மூன்றாவது தடவை லோஜினியோடு சேர்ந்து நாங்களும் எண்ணினோம். முப்பத்து நாலு, முப்பத்தைந்து, முப்பத்தாறு. கோட்டில் இறங்கி, வாசல் பக்கத்து ஓரத்தில் வந்து நின்றாள். காலைத் தூக்கி ஒரு கட்டத்தைக்கூடத் தாண்டவில்லை. பட்டென்று உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். சிரித்துக்கொண்டிருந்தாள்.

நானும் சிரித்தேன். அன்றைக்கு எனக்கு அவளை நினைத்துப் பெருமையாக இருந்தது. என் ரூமில், நான் மூலையில் தள்ளி வைத்தவள். அதை நினைத்தால் வெட்கமாகவும் இருந்தது.

அடுத்த ஏழு நாளும் தரையில் இருந்த சோக்குக் கோட்டை ஒருவரும் மிதிக்கவில்லை, சுவரோரமாகவே நடந்தோம். அவள் தைத்தாள். பொபினில் சுற்றின அடிநூல் மூன்று கட்டத்துக்குச் சற்று மேலே வரும் என்று கண்டுபிடித்தாள். பாதி இலையில் நூல் தீர்ந்துபோய் நிற்காமல், மூன்று கட்டம் முடிந்து கானுக்கு வந்ததும் தானாகவே நிறுத்திப் பொபினை மாற்றுவாள். அந்த இடத்து நுனிகளைக் கையூசியில் கோத்து, பஞ்சுக்குள் விட்டு, மிச்சத்தை வெட்டுவாள். துணி நடுவிலிருந்து ஓரத்தைப் பார்த்து ஒழுங்காக நகர்ந்தது. ஓரத்தில் கரைத்துணி வைத்துத் தைத்த நாள் நான் போர்வையை மேசையில் விரித்துக் கையால் தடவினேன். ஒரு சுருக்கம் இல்லை.

போயாவுக்கு முந்தின நாள் நானும் அவளும் முதல் பஸ்ஸில் கிளம்பினோம். தலவாக்கலையில் ஒரு பஸ், நுவரெலியாவில் ஒரு பஸ். போர்வையை அவள் மடியைவிட்டு இறக்கவில்லை. பட்டிப்பொலவில் பனி மூடி, பங்களா வாசலுக்குப் போகிறவரைக்கும் பங்களா தெரியவில்லை.

அஃப்னா போர்வையைப் பார்த்தாள். "வடிவா இருக்கு. போன தடவையும் பார்க்க வடிவாத்தான் இருந்திச்சி" என்றாள். அதில் குத்தல் இல்லை, உள்ளதைத்தான் சொன்னாள். "உங்க கண்ணு முன்னாலயே கழுவுவோம்."

கண்ணாடிக் கதவு வைத்த பெரிய மெசின் அது. போர்வையை உள்ளே போட்டு மூடினாள். எதிரே இரண்டு நாற்காலி போட்டு, ப்ளேன்டீ கொடுத்தார்கள். ஒரு மணி நேரம் நாங்கள் இரண்டு பேரும் அந்தக் கண்ணாடியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். போர்வை உருண்டது, விழுந்தது, சுருண்டது. இரண்டாவது தடவையும் போட்டாள். இன்னொரு ப்ளேன்டீ. அம்மாக்கண்ணு முதல் கோப்பையையே தொடவில்லை.

"பயமா இருக்கா?" என்று கேட்டேன்.

"பயம் இல்லக்கா. வழி சரிதான்னு தெரியும்" என்றாள். போர்வை கண்ணாடியில் வந்து மோதியதும், "கொஞ்சம் இருக்கு" என்றாள்.

காய வைத்து எடுத்து, அஃப்னா பெரிய கட்டிலில் போர்வையைக் கவிழ்த்துப் போட்டாள். குறை தெரிவது அடிப்பக்கத்தில்தான், விஷயம் தெரிந்த பிள்ளை. விளக்கைப் போட்டுக் குனிந்து, கட்டம் கட்டமாக நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். புரட்டி மேல்பக்கத்தையும் பார்த்தாள். நான் சாமி கும்பிட்டேன் என்று சொன்னால் எங்கள் ரூமில் யாரும் நம்ப மாட்டார்கள்.

"ஒரு நூல் நுனிகூட இல்லையே" என்றாள் அஃப்னா.

"இருக்குங்க" என்றாள் அம்மாக்கண்ணு.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சும்மா இருடி என்று அவள் கையைக் கிள்ளினேன்.

"நடுவுல தொடங்குன எடம் ஒண்ணு. பொபின் மாத்துன எடம் பதினொண்ணு. மொத்தம் பன்னெண்டு எடத்துல இருக்குங்க. முடிச்ச எடம் கரைத்துணிக்குள்ள போயிருச்சு."

"எங்க?"

அம்மாக்கண்ணு குனிந்து பள்ளத்தில் ஒரு இடத்தைத் தொட்டாள். அஃப்னா நகத்தால் சுரண்டினாள், போன் வெளிச்சத்தில் பார்த்தாள். தெரியவில்லை. இன்னொரு இடத்தைக் காட்டினாள். அங்கும் தெரியவில்லை. பன்னிரண்டையும் வரிசையாக, நடுவிலிருந்து தான் நடந்த வழியிலேயே, ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டிக்கொண்டு போனாள். ஒன்றிலும் அஃப்னாவின் நகத்துக்கு எதுவும் மாட்டவில்லை. நிமிர்ந்தபோது அந்தப் பிள்ளையின் முகத்தில் சிரிப்பு இருந்தது.

"யாரு தச்சது?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் எப்போதும் ஒரு பதில் உண்டு. எங்க குழு தச்சது என்பேன். அப்படிச் சொன்னால் கேட்கிறவர்கள் என்னைத்தான் பார்ப்பார்கள். வாய்வரை வந்துவிட்டது அது.

"இவதான்" என்றேன். "தொடக்கத்துல இருந்து முடிவு வரைக்கும் இவ ஒருத்திதான். வழி கண்டுபிடிச்சதும் இவதான்."

"நீங்க அங்க என்ன வேலை செய்றீங்க?" என்று அஃப்னா அவளைக் கேட்டாள்.

"நூல் வெட்டுறதுங்க" என்றாள் அம்மாக்கண்ணு.

அஃப்னா என்னைப் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். பனியில் அங்கே பார்க்க ஒன்றும் இல்லை.

மிச்சம் பதினொரு போர்வைக்கும் அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிட்டாள். திரும்பி வரும் பஸ்ஸில் அம்மாக்கண்ணு மகளுக்குப் போன் எடுத்தாள். "படி, நான் வந்துடுறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள். பிறகு நுவரெலியாவரைக்கும் தூங்கினாள். போயா முடிந்த அன்று துரையிடம் போய், உரத்துக்கு வேறு இடம் பாருங்கள் என்று சொன்னேன். அதைச் சொல்ல நான் நடந்து போன நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

மறுநாள் விடியக்காலை, வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்கு ஆட்கள் போகிற நேரத்துக்கே ரூமைத் திறந்துவிட்டேன். ரெஜிஸ்டரை எடுத்து, 'நூல் வெட்டுபவர்' என்று எழுதியிருந்ததை ஒரு கோடு போட்டு அடித்தேன். பக்கத்தில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. தையல்காரி என்று எழுதினால் போதவில்லை. கடைசியில் 'அம்மாக்கண்ணு, பெரிய மெசின்' என்று எழுதினேன்.

அவள் வந்தாள். வழக்கம்போல மூலைக்குப் போகப் பார்த்தாள். "அங்க எங்க போறே?" என்று ஜன்னலோரத்து மெசினைக் காட்டினேன். போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் கழுத்தில் கத்தரி தொங்குவது ஞாபகம் வந்தது போலிருக்கிறது. நாடாவைக் கழற்றி, எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"குடு இப்பிடி" என்று வாங்கி, என் கழுத்தில் போட்டுக்கொண்டேன். எட்டுப் பேரும் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றுதான் அத்தனை பேர் முன்னாலும் போட்டேன்.

இப்போது மூலை ஸ்டூலில் உட்காருகிறவள் நான். ஒரு போர்வைக்குப் பன்னிரண்டு இடம். ஒவ்வொரு இடத்தையும் முதலில் அவளிடம் காட்டுவேன். அவள் தலையாட்டின பிறகுதான் வெட்டுவேன்.